அப்பாவின் ஒரே சொல்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. நடந்ததை நடந்தபடியே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். அங்கே நீங்கள் நலமா என்று கேட்டு, இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முதல் பாதியை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை அப்பாவைப் பராமரிப்பு இல்லத்துக்கு அழைத்துப்போக வண்டி வருகிறது. நீங்கள் போனில், "அங்க போய் இருந்துக்கிறியாடா தம்பி?" என்று கேட்டீர்கள். அப்பா "ஆமா" என்றார். நீங்களும் இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தில் "அவருக்குச் சம்மதம்" என்று எழுதி அனுப்பிவிட்டீர்கள். அத்தை, அந்தச் சம்மதம் செல்லாது. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அப்பாவிடம் மிஞ்சியிருக்கும் சொல் அந்த "ஆமா" ஒன்றுதான். முடிவெட்டுபவர் வீட்டுக்கு வந்து, "மீசைய எடுத்துடவா சார்?" என்றார். "ஆமா." எனக்கு நினைவு தெரிந்த நாளாக இருந்த மீசை போய்விட்டது, அன்று மாலை வரை அப்பா சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பயிற்சி கொடுக்க வரும் அக்கா காலை மடக்கி, "வலிக்குதா?" என்றார். "ஆமா." "அப்ப வலிக்கலையா?" "ஆமா." அவர் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டார். அம்மாவின் தம்பி, என் மாமா மட்டும் சளைத்தவரா, "மச்சான், இந்த டேபிள் ஃபேன நான் எடுத்துட்டுப் போகட்டா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். இப்போது அப்பா வியர்வையில் நனைந்து கிடக்கிறார். அம்மா திருப்பிக் கேட்டதற்கு, "அவரே வாய் திறந்து குடுத்தாருக்கா" என்கிறார்.

இதைச் சும்மா விடக்கூடாது, "ஆமா" என்றாலே சம்மதம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என்று மூன்று சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து அகராதிகளைப் புரட்டினேன். ஏறக்குறைய இதே சொல்லுக்குத் துருக்கி மொழியில் "ஆனால்" என்று பொருள். பாஸ்கு மொழியில் "அம்மா". ஜப்பானில், மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண். ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத மொழிகள், அத்தை. பட்டியலை அழகாகப் பிரதி எடுத்து, அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வந்த டாக்டரிடம் கொடுத்தேன்.

"உங்கப்பாவுக்கு ஜப்பான் மொழி தெரியுமாம்மா?"

"தெரியாது டாக்டர்."

"அப்புறம்?"

பட்டியலைத் திருப்பி வாங்கி நான்காக மடித்துக்கொண்டேன். அம்மா, "நீ ஆராய்ச்சி பண்ணது போதும், போய் அந்த வாளிய எடுத்துட்டு வா" என்றாள்.

நேற்று மாலை அப்பாவோடு வேலை செய்த கிரேன் ஓட்டுநர் வந்தார். அப்பா கட்டுமான இடத்தில் கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுபவர் என்பது உங்களுக்குத் தெரியும். எதற்காகச் சைகை என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது. "அங்க ஆறு பாஷைக்காரங்கம்மா. ஒருத்தன் கத்துற வார்த்த இன்னொருத்தனுக்கு வேற அர்த்தம். அதனால வாயத் தொறக்கவே கூடாது, கைதான். நான் இவரு குரலக் கேட்டதே சாப்பாட்டு நேரத்துலதான்" என்றார். பேச்சுவாக்கில் அம்மா ஃபேன் கதையைச் சொல்ல, அப்பா "ஆமா, ஆமா" என்றார். ஓட்டுநர் உடனே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அண்ணி, கையப் பாருங்க. அவரு 'நிறுத்து'ன்னு காட்டுறாரு." அப்பாவின் இடது உள்ளங்கை தரையைப் பார்த்தபடி போர்வைமேல் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு மாதமாக அதை நடுக்கம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

ஓட்டுநர் எனக்கு மூன்று சைகை சொல்லிக்கொடுத்தார். சுட்டுவிரலை மேலே காட்டிச் சுற்றினால் "தூக்கு". கீழே காட்டிச் சுற்றினால் "இறக்கு". "நிறுத்து" மேலே எழுதியதுதான். போனில் நீங்கள் அப்பாவின் கையைப் பார்த்திருக்க முடியாது. ஆகவே உடனே அந்தப் படிவத்தை ரத்து செய்யுங்கள். அம்மா அப்பாவைத் தூக்கும்போது இரண்டு முறை விழுந்தாள் என்று மாமா உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மையே எழுதுவதாகச் சொன்னேன், மூன்று முறை. ஆனாலும் நானும் இருக்கிறேன், எனக்குப் பதின்மூன்று முடிந்துவிட்டது.

பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கம், சின்னவர்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: கையொப்பம் போட்டபின், எதற்கும் முறையாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்று அப்பாவிடம் போனேன். "அப்பா, திங்கக்கிழம வண்டிய வர வேண்டாம்னு சொல்லிடட்டா?" என்றேன். "ஆமா" என்றார். நான் கையைப் பார்த்தேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையால் சுவரையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். அவருடைய சுட்டுவிரல் கீழே திரும்பி மெதுவாகச் சுற்றியது.

"அம்மா மேல இருக்கிற பாரத்த இறக்கச் சொல்றீங்களா?"

"ஆமா."

வாயும் கையும் ஒன்றையே சொன்னது இதுதான் முதல் முறை. மறுபடி கேட்டேன். அதே விரல். மூன்றாம் முறை கேட்டபோது உள்ளங்கை விரிந்து, கேட்டது போதும், "நிறுத்து" என்றது.

படிவம் அப்படியே இருக்கட்டும், அத்தை. இன்னும் எழுதியிருப்பேன், அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.