உருளைக்கு எண்ணெய் வைத்த படலம்

மூன்று மாடி மாவாலையின் உச்சியில், ஓயாது சுழலும் இரும்புக்கும் ஓய்வறியாக் கயிற்றுக்கும் நடுவே, ஒற்றை நெம்புகோலைச் செங்கோலாய்ப் பற்றி நின்ற பெருவீரனே, வாழ்க! மாவு படிந்து முப்பது வயதிலேயே வெளுத்த மீசையனே, மூட்டைகளை விண்ணேற்றி மண்ணிறக்கும் கயிற்றரசே, உள்ளங்கையில் காய்ப்பும் வலது முட்டியில் வலியும் விழுப்புண்களாய்ப் பூண்ட மறவனே, வாழ்க! வாழ்க! ஆலையில் உன்னை உருளைக்காரர் என்பார்கள். வீட்டில் "இந்தாங்க" என்பார்கள். அவ்வளவுதான் உன் விருதாவளி. ஆனாலும் வாழ்க!

காவியம் என்றால் காப்பு வேண்டும். ஆகவே, உராய்வு என்னும் பெருந்தெய்வமே, உன்னைத் தொழுகிறோம். நீ இல்லையேல் தீக்குச்சி பற்றாது, நடப்பவன் நிற்கமாட்டான், நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின்கீழ் வாழும் வாழ்க்கையில் சுவாரசியமே இராது. அந்த ஆலையின் பாரந்தூக்கிக்கு நீயே உயிர், நீயே மூச்சு, நீயே சம்பளமில்லாத வேலையாள்.

எப்படி என்கிறீர்களா? அந்த இயந்திரத்தின் ரகசியம் ஒரு தொடுகையில் இருந்தது. ஆலையின் பெருந்தண்டில் ஓர் இரும்புச் சக்கரம் காலை முதல் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் பக்கத்தில், ஊடல் கொண்ட மனைவிபோல் மயிரிழை தள்ளி, தோல் போர்த்த மர உருளை ஒன்று சும்மா கிடக்கும். உருளையில் கயிறு சுற்றியிருக்கும்; கயிற்றின் மறுமுனை கூரைக்கு வெளியே நீட்டிய உத்திரத்தின் கப்பி வழியாக முற்றத்துக்கு இறங்கும். உருளைக்காரர் நெம்புகோலை இழுப்பார். உருளை சக்கரத்தோடு ஒட்டும், உராய்வு பிடிக்கும், "கீ..." என்றொரு வீறிடல் எழும், உருளை சுழலும், பாரம் ஏறும். விட்டால், உருளை பின்வாங்கித் தன் தடைக்கட்டையில் உட்கார்ந்து, பாரத்தை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். பல்சக்கரம் இல்லை, பட்டன் இல்லை. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இறுகத் தொட்டால் போதும்.

அத்தகைய இயந்திரத்தின்மீதுதான் அன்று காலை இடி விழுந்தது.

இடியின் பெயர் முதலாளியம்மா. மூன்றாம் மாடி அலுவலக அறைக்கென்று அவர் வாங்கிய புது மேசை முற்றத்தில் வந்து இறங்கியிருந்தது. யானைக்கால்களும் இரும்புத் தோள்களும் அகன்ற முதுகும் கொண்ட மாமேசை! சுமையாட்கள் அதை மாடிப்படியில் ஏற்றிப் பார்த்து, முதல் திருப்பத்திலேயே சிக்கி, படியின் கைப்பிடியைப் பெயர்த்துக்கொண்டு பின்வாங்கிவிட்டார்கள். முதலாளியம்மா முற்றத்தின் நடுவில் நின்று, குடையை வேலென ஊன்றி, மேல்நோக்கிப் பிரகடனம் செய்தார்:

"உருளைக்காரரே! மத்தியான மணிக்குள்ள இது மேல வரணும். வரலேன்னா, சாயங்காலம் மோட்டார் விக்கிறவர் வர்றார். பட்டனை அமுக்கினா, எது குறுக்க வந்தாலும் நிக்காம இழுக்குமாம். அப்புறம் நீங்க நெம்புகோலைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம், கீழ வந்து மூட்டை தூக்குங்க!"

மூட்டை! அந்தச் சொல் காதில் விழுந்ததும் வீரரின் வலது முட்டி தானாகவே ஒருமுறை முனகியது. மூட்டை என்றால் படி. படி என்றால் ஏற்றம். ஏற்றம் என்றால் அந்த முட்டி இந்த வருஷத்தைத் தாண்டாது. அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். ராஜ்ஜியம் போனாலும் கவலையில்லை. முட்டி போனால் யார் தருவார்கள்?

"கட்டுங்கடா மேசையை!" என்று முழங்கினார். கட்டினார்கள். இழுத்தார்.

உருளை ஒட்டியது. சக்கரம் சுழன்றது. மேசை தரையைவிட்டு ஒரு சாண் எழுந்து, அங்கேயே நின்று, "ஏறுவதா, வேண்டாமா" என்று யோசிப்பதுபோல் மெல்ல ஆடியது. அப்புறம் பெருமூச்சோடு மறுபடி தரையில் அமர்ந்தது.

வீறிடல் எங்கே? அந்தக் "கீ..." எங்கே?

பகைவர் நாட்டுக்குள் நள்ளிரவில் நுழைந்த ஒற்றனைப்போல் ஒரு வாசனை உருளைக்காரரின் மூக்கில் ஏறியது. விரலை உருளையின் தோலில் வைத்தார். விரல் வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது.

எண்ணெய்!

திரும்பினார். கதவோரம், கொக்கின் அலகுபோல் நீண்ட மூக்குடைய எண்ணெய்க் குவளையைக் கையிலேந்தி, பரிசு வாங்கப் போகும் பிள்ளையின் முகத்தோடு நின்றுகொண்டிருந்தான் அவருடைய மச்சான். மனைவியின் தம்பி. ஆலையின் எல்லா இயந்திரங்களுக்கும் எண்ணெய் விடுகிற பதவியில் போன வாரம்தான் அமர்ந்தவன். அவரே சிபாரிசு செய்து அமர்த்தியவன்.

"எப்படி அத்தான்? சத்தமே இல்ல பாத்தீங்களா?"

"நீயா வச்சே?"

"பின்ன? தெனமும் கீ கீன்னு கத்துது, பாவமா இருந்துச்சு. நீங்க டீ குடிக்கப் போன நேரத்துல ஒரு குவளை முழுசா ஊத்தித் தேய்ச்சேன். பெரிய நாளாச்சே, இன்னிக்காவது சுகமா ஓடட்டும்னு..."

"டேய் மச்சான்! அது கத்துனாத்தான்டா வேலை செய்யுது! உங்க அக்கா மாதிரி!"

மச்சானின் முகத்திலிருந்த வெற்றிக்களை, கிரகணம் பிடித்த சந்திரனைப்போல் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியது. உலகின் எல்லா இயந்திரங்களும் எண்ணெய் குடித்து வாழும்போது, எண்ணெய் குடித்தால் செத்துப்போகும் இயந்திரம் ஒன்று இருக்கக்கூடும் என்று அந்த அன்புள்ளம் கனவிலும் கருதியதில்லை.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்க அத்தான்."

"மேசை ஏறலேன்னா நான் ஏன்டா சொல்லணும்? என் முட்டியே சொல்லும்!"

போர் மூண்டது. தோள்துண்டால் துடைத்தார், துண்டு எண்ணெயைக் குடித்துக் களைத்தது. கோணியால் தேய்த்தார், தோல் கண்ணாடிபோல் பளபளத்து அவரையே பார்த்துச் சிரித்தது. நெம்புகோலில் உடல் முழுவதையும் தொங்கவிட்டார். மேசை ஒரு முழம் ஏறி, இரண்டு முழம் இறங்குவேன் என்று அடம் பிடித்தது. கீழே சுமையாட்கள் ஆரவாரித்தார்கள். "அண்ணே, மேசை ஊஞ்சல் ஆடுது! பாட்டு ஒண்ணு பாடுங்க!"

மணியடிக்க அதிக நேரமில்லை. முதலாளியம்மாவின் குடை தரையைத் தட்டத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான், அழிவின் விளிம்பில் நின்ற அரசனுக்கு ஆயுதச்சாலை நினைவு வந்ததுபோல், உருளைக்காரருக்குத் தான் நிற்கும் இடம் நினைவு வந்தது. மாவாலை! எண்ணெயைக் குடிக்க மாவைவிட்டால் யார் இருக்கிறார்கள்? பக்கத்து மூட்டையின் வாயைக் கிழித்தார். இரு கைகளாலும் அள்ளினார். "பிடி!" என்று கர்ஜித்து உருளையின்மேல் வீசினார். மச்சானும் வீசினான். வெண்புழுதி மேகமாய் எழுந்தது, புருவம் மறைந்தது, அத்தான் எது, மச்சான் எது என்று அடையாளம் தெரியாமல் இரண்டு வெள்ளைப் பூதங்கள் அந்தப் புகைநடுவே கூத்தாடின.

நெம்புகோலை இழுத்தார்.

"கீ...!"

ஆகா! குழலும் யாழும் தோற்றோடும் அந்த இன்னொலி! மேசை எழுந்தது. முதல் மாடி கடந்தது. இழுப்பறைகள் நாக்குகளாய் வெளியே தொங்க, நான்கு கால்களும் காற்றை உதைக்க, அந்த மரயானை விண்ணில் ஏறியது. சுமையாட்கள் வாய்பிளந்தார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது. எண்ணெயோடு கலந்த மாவு பிசைந்த பதத்துக்கு வந்தது. உராய்வின் சூடு கீழிருந்து ஏறியது. ஆலை முழுவதும் ரொட்டி சுடும் மணம் பரவியது. "சாப்பாட்டு மணி அடிச்சிட்டாங்களா?" என்று யாரோ கீழே கேட்டார்கள்.

மூன்றாம் மாடிக் கதவுக்கு நேரே மேசை வந்தது. வெற்றிப் புன்னகையோடு உருளைக்காரர் நெம்புகோலை விட்டார்.

உருளை விடவில்லை!

பாதி வெந்த மாவு பசையாகி, உருளையையும் சக்கரத்தையும் பிரிக்க முடியாத தம்பதியாக ஒட்டிவைத்திருந்தது. மேசை கதவைத் தாண்டியது. மேலே ஏறியது. அதற்கும் மேலே உத்திரம், உத்திரத்தில் கப்பி, அதற்கு மேல் ஆகாயம்.

"அத்தான், நிறுத்துங்க!"

"விட்டுட்டேன்டா! அதுதான் என்னை விடமாட்டேங்குது!"

மேசையின் முதுகு உத்திரத்தில் மோதியது. உத்திரம் முனகியது. கயிறு வீணைத் தந்தியாய் விறைத்தது. முதலாளியம்மா குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்தார், மேசையைத் தடுக்கப் போகிறவர்போல். இன்னும் ஒரு சுற்று சுற்றினால் கயிறு அறும். இல்லையென்றால் உத்திரம் முறியும். உருளைக்காரர் கண்ணை மூடினார். இருட்டில் தெரிந்தது முற்றமோ மேசையோ அல்ல; மாடிப்படி. படி, படி, படி.

அந்தக் கணத்தில் உராய்வுத் தெய்வம் கண் திறந்தது. பாரம் எல்லை மீறவே, பசை தோற்றது. மாவுக்கு அடியில் ஒளிந்திருந்த மச்சானின் எண்ணெய் மெல்லத் தலைகாட்டியது. "சரக்" என்றொரு சத்தம். நீண்ட ரொட்டி ஒன்று முழுசாக உரிந்து விழுந்தது. சக்கரம் தன்பாட்டுக்கு வெறுமனே சுழன்றது. உருளை பின்வாங்கி, மாவில் குளித்திருந்த தடைக்கட்டையில் அமர்ந்து, அசையாமல் பிடித்துக்கொண்டது. கயிறு அறவில்லை. உத்திரம் முறியவில்லை. மேசை கூரையடியில் சமர்த்தாகத் தொங்கியது.

வீரர் கண் திறந்தார். நெம்புகோலைப் பூவைத் தொடுவதுபோல் தொட்டு, கட்டையின் பிடியை இம்மியிம்மியாகத் தளர்த்தி, மேசையைக் கதவுக்கு நேரே இறக்கி நிறுத்தினார். மச்சான் கொக்கி போட்டு உள்ளே இழுத்தான். அப்புறம்தான் மணி அடித்தது.

மூச்சிரைக்க மாடியேறி வந்த முதலாளியம்மா மேசையைத் தடவினார், உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு தீர்ப்பு வழங்கினார்:

"நிக்காம இழுக்கும், நிக்காம இழுக்கும்னாரே அந்த மோட்டார்காரர்! நிக்காம இழுத்திருந்தா என் மேசையும் போயிருக்கும், கூரையும் போயிருக்கும். இதுக்கு எப்ப விடணும்னு தெரியுது. அவரை வர வேண்டாம்னு சொல்லி அனுப்புங்க. சரியான நேரத்துல விட்டீங்க, உருளைக்காரரே!"

விட்டது யார் என்ற வரலாற்று உண்மையை உருளைக்காரர் திருத்தப் போகவில்லை. மாவு மீசையை ஒருமுறை முறுக்கிக்கொண்டு, மச்சானை ஓரக்கண்ணால் பார்த்தார். மச்சான் எண்ணெய்க் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஆமா, இங்க யாரு ரொட்டி சுட்டது?" என்றார் முதலாளியம்மா.

விண்ணும் மண்ணும் வியக்க, இரும்பும் தோலும் இசைபாட, செங்கோல் சாயாது, அரியணை அசையாது, கயிற்றரசின் கொற்றம் அந்த உச்சிமாடியில் என்றென்றும் நிலைபெற்ற அந்தப் பொன்னாளின் மாலையில், மிச்சமிருந்த எண்ணெயை மச்சான் அத்தானின் வலது முட்டிக்குத் தேய்த்துவிட்டான்.