பிரியாணிக் கடைக்கு என்று சொல்லி

முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பிறரை விசாரிப்பதில் எனக்கிருந்த தேர்ச்சி, என்னை யாராவது விசாரித்தால் உதவாது என்பது எழுபத்தொரு வயதில்தான் தெரிந்தது. தெரியவைத்தவள் என் பேத்தி கயல். அப்போது அவளுக்கு எட்டு வயது.

கயல் பள்ளிக்கூடம் போனதில்லை. என் மகள் வசந்தாவும் மருமகனும் சின்னாளப்பட்டியில் இருக்கிறார்கள். பிள்ளை தனக்குத் தோன்றியதைத் தோன்றியபோது கற்கட்டும் என்பது அவர்கள் முடிவு. வீட்டில் அடி கிடையாது, மிரட்டல் கிடையாது, பொய்யும் கிடையாது. (ஊசி போடும் முன்பே "வலிக்கும்" என்று சொல்லிவிடுவார்கள். இதெல்லாம் ஒரு வீடா?) டவுன் பஸ் பலகைகளைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகினாள். பக்கத்து வீட்டுச் சுங்குடிச் சேலையில் முடிச்சுகளை எண்ணி எண்ணிப் பெருக்கலைப் பிடித்துக்கொண்டாள். எட்டாம் வாய்ப்பாடு சொல் என்றால் மட்டும், "எதுக்கு தாத்தா?" என்பாள். பதில் என்னிடம் இல்லை. அதனால் கோபம் வந்தது.

சனிக்கிழமைதோறும் அவளைத் திண்டுக்கல்லில் என்னிடம் விட்டுப் போவார்கள். மனைவி போன பிறகு, வாரத்தில் எனக்கு நாள் என்று இருந்தது அது ஒன்றுதான். அதையே பணயம் வைத்தேன்.

என்னிடம் படித்த ஒருவர் ஊரில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆகியிருந்தார். கயலைச் சேர்க்கக் கேட்டதும், பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும், வரும் சனிக்கிழமை பள்ளி உண்டு என்றார். வசந்தாவிடம் மூச்சு விடாமல், "பிரியாணி சாப்பிடப் போவோம், வா ஆத்தா" என்று கயலுக்குத் தலைவாரிக் கூட்டிப்போனேன். (காலை ஒன்பதரை மணி. பொய்யிலும் ஒரு திட்டமிடல் வேண்டும்.)

எங்களை எழுந்து நின்று வரவேற்ற தலைமையாசிரியை, எதற்கு வந்திருக்கிறாய் தெரியுமா என்று கனிவாகக் கேட்டார்.

"பிரியாணி சாப்பிட" என்றாள் கயல். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் அடுப்பே பத்தவைக்கல போல."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அதற்குள் அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டாள். வகுப்புக்கு வெளியே ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஏன் நிற்கிறாள் என்று கேட்டாள் கயல். வகுப்பில் பேசியதற்கு என்றார் தலைமையாசிரியை. என்ன பேசினாள்? அது அவருக்குத் தெரியவில்லை. "நான் கேட்டுட்டு வாரேன்" என்று கயல் கிளம்பினாள்.

"ஏய், உக்காரு."

முப்பத்து நான்கு வருடக் குரல் அது. தலைமையாசிரியை சட்டென்று உட்கார்ந்துவிட்டார். கையெழுத்து வாங்க வந்த ஆசிரியரும் உட்கார்ந்தார். கயல் மட்டும் நின்றாள். பயமில்லை, புதிதாக ஒரு பறவையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, ஒங்களுக்கு எங்கயாச்சும் வலிக்குதா?"

சாயங்காலம் அழைத்துப்போக வந்த பெற்றோரிடம், ஒன்றுவிடாமல், கோபமுமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வசந்தா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "கேட்டா வேணாம்னுருவேன்னு பயந்தீங்களாப்பா?" என்றாள். அதற்குப் பதிலாக என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

கயலுக்கு வேறொரு சந்தேகம். "அம்மா, தாத்தா ஒன்னையும் அப்படி வெளிய நிக்க வச்சிருக்காரா?"

"ஏழாங்கிளாஸ்ல தாத்தாதான் எங்க சாரு. மூணு நாளு நின்னேன்."

"என்ன பேசுன?"

"பேசல. ஒரு கணக்கு ஏன் அப்படி வருதுன்னு கேட்டேன்."

எனக்கு அது நினைவிலேயே இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

கயல் கொஞ்சம் யோசித்து, "அடுத்த சனிக்கிழமை வர்றதான்னு அப்புறம் சொல்றேன் தாத்தா" என்றாள்.

வசந்தாவிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பழக்கமில்லாத சொல், தொண்டையில் குறுக்காக நின்றுகொண்டது. இருமினேன். கண்ணில் நீர் வரும்வரை இருமினேன். மருமகன் வெந்நீர் வைக்க ஓடினார். கடைசியில் "மன்னிச்சிரும்மா" என்பது காற்றோடு வெளியே வந்தது.

"அம்புட்டு இருமலும் மன்னிப்புத்தானா?" என்று கயல் விசாரித்தாள்.

"முப்பது வருசமா உள்ள இருந்திருக்குல்ல" என்றாள் வசந்தா, சிரித்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை கயல் வந்தாள்.

இன்றைக்கும் நான் இருமினால், அவர்களில் யாராவது ஒருவர் "சரி, மன்னிச்சாச்சு" என்கிறார்கள். போன மார்கழியில் பத்து நாள் சளி பிடித்தது. என் பணிக்காலம் முழுவதற்குமான மன்னிப்பு அதில் தீர்ந்துவிட்டது என்கிறார் மருமகன். வசந்தா மட்டும், "எதுக்கும் இன்னும் செத்த நேரம் இருமுங்கப்பா" என்கிறாள்.