கிணற்றில் வந்த சொறிமீன்

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, தினமும் கடலின் நிலவரத்தை நோட்டில் எழுதி வைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கப்பல். பெங்களூரில் அவருக்கு முன்னால் அப்படி ஒருவர் இருந்ததில்லை, பின்னாலும் இருக்கமாட்டார் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

ஐம்பதுகளின் நடுவில் நான் அடுகோடிப் பக்கம் ஒரு சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கவுண்டர் குமாஸ்தா. முதலாளியின் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூர்வாசி. வீட்டில் தமிழ், கோபத்தில் கன்னடம். கண்டோன்மெண்டில் ஒரு தியேட்டர்காரர் ‘ஏர்கண்டிஷன் செய்யப்பட்டது’ என்று போர்டு மாட்டியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலத்துப் பெங்களூரில் ஏர்கண்டிஷன் வைப்பது, மழை கொட்டுகிற இடத்தில் தண்ணீர்ப்பந்தல் வைப்பது மாதிரி. மே மாதத்திலேயே ஜனங்கள் ஸ்வெட்டரோடுதான் முதல் ஆட்டத்துக்கு வருவார்கள். ஆனால் முதலாளிக்குக் குளிர் முக்கியமில்லை, போர்டு முக்கியம்.

மதராஸ் துறைமுகத்தில் ஏதோ ஒரு பழைய கப்பலை உடைத்து விற்றார்கள். அதிலிருந்த ஏர்கண்டிஷன் மெஷினை முதலாளி சல்லிசாகப் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார். அத்திபெலே சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தி, சரக்கு என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மெஷின் மேல் வெள்ளைத் தொப்பியும் காக்கி நிஜாருமாக உட்கார்ந்திருந்த ஒரு மனிதர், “கப்பல்” என்றாராம். எங்கே கப்பல் என்று அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார்.

“பாக்கியெல்லாம் ஒடைச்சு வித்துட்டாங்க சார். மிச்சம் இதுவும் நானும்தான்.”

லாரி டிரைவர் வந்து இதைச் சொன்ன கணத்தில் அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. சம்பளப் புத்தகத்தில் வேறு பெயர் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

வந்த முதல் வாரமே முதலாளிக்கும் கப்பலுக்கும் முட்டிக்கொண்டது. விஷயம் இதுதான். மெஷின் சூடாகாமல் இருக்க அதன் வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கப்பலில் அதற்கு ஒரு பம்பு கடல் தண்ணீரை இழுத்துக் கொடுக்கும். இங்கே கடலுக்குப் பதில் தியேட்டரின் பின்பக்கத்துக் கிணறு. முதலாளி அந்தப் பம்பை நாலு பேர் பார்க்கட்டும் என்று மேடை கட்டி ஏற்றி, மாவிலை கட்டி, குங்குமம் வைத்து ஓடவிட்டார். பம்பு ஊரே அதிரும்படி ஓடியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

“கப்பல்ல இது கடல் மட்டத்துக்குக் கீழ உக்காந்திருக்கும் முதலாளி. தண்ணி தானா வந்து விழும். இங்க பம்பு மேல, தண்ணி கீழ. காத்தைக் குடிச்சுட்டு ஏப்பம் விடுது. குழி வெட்டி எறக்கணும்,” என்றார் கப்பல்.

லட்சணமான மெஷினைக் குழியில் இறக்குவதா, பேடவே பேடா என்று முதலாளி கன்னடத்துக்குத் தாவினார். நாலு நாள் பம்பு ஏப்பம் விட்டது. ஐந்தாம் நாள் கிணற்றை ஒட்டி ஆள் ஆழத்துக்குமேல் குழி வெட்டி, கிணற்றுச் சுவரைத் துளைத்துக் குழாய் செருகி, பம்பைக் குழிக்குள் குடிவைத்தார்கள். தண்ணீர் தானாக வந்து விழுந்தது. கப்பல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். நான்தான் அவரை அதிகம் கேலி செய்தவன்.

கேலிக்கு என்ன குறை? பம்பைச் சோதிக்க அவரிடம் இருந்த கருவிகள் மூன்று: கை, காது, நாக்கு. குழாயைத் தொட்டுச் சூடு பார்ப்பார். திருப்புளியின் நுனியைப் பம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பார். கடைசியாக, வெளியே கொட்டும் தண்ணீரை விரலில் தொட்டு நக்குவார். கப்பலில் உப்புக் கரிக்கிறதா என்று பார்த்த பழக்கமாம். அந்தத் தண்ணீர் கட்டைவிரல் பருமனில் விழுந்தால் சௌக்கியம், சுண்டுவிரல் ஆனால் ஆபத்து என்பது அவர் சாஸ்திரம்.

தினமும் காலை பத்து மணிக்குப் பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைத் திறந்து பார்ப்பார். நடுக்கடலில் ஒருமுறை அதில் சொறிமீன் புகுந்து அடைத்துக்கொண்டதாம். கொழகொழவென்று கண்ணாடி மாதிரி இருக்குமாம், தொட்டால் உடம்பெல்லாம் அரிக்குமாம். நான் தினமும் குழிக்கு மேலே நின்று, “இன்னிக்குச் சொறிமீன் உண்டா?” என்று கேட்பேன். அவர் சளைக்காமல், இன்று இல்லை என்று பதில் சொல்லிவிட்டு நோட்டை எடுப்பார். அதில் தேதி, நேரம், பம்பின் நிலை, அப்புறம் ‘கடல்: அமைதி’.

“இங்க கடல் எங்கேய்யா இருக்கு? பொய்தானே எழுதறீங்க?” என்று ஒருநாள் மடக்கினேன்.

“இல்லாத கடல் அமைதியாத்தானப்பா இருக்கும்? இந்த நோட்டுல நான் ஒரு பொய் எழுதினதில்ல. இதுல பொய் எழுதினா கப்பல் முழுகும்.”

அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் மதராஸிலிருந்து ஒரு படக் கம்பெனிக்காரர் வருவதாகக் கடிதம் வந்தது. தீபாவளிப் படத்தை எங்களுக்குக் கொடுப்பதா, கண்டோன்மெண்ட்காரருக்குக் கொடுப்பதா என்று மாட்டினி ஆட்டத்தில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்வாராம். முதலாளி எங்களை வரிசையில் நிற்கவைத்து, அன்றைக்கு மெஷின் நின்றால் அதற்குக் காரணமானவன் மறுநாள் இங்கே இருக்கமாட்டான் என்று அறிவித்தார். சொல்லும்போது கப்பலைத்தான் பார்த்தார்.

எனக்கும் பயம்தான். வேலை போனால் ஊரில் தங்கை கல்யாணம் நின்றுவிடும். ஆகவே கவுண்டருக்குள்ளேயே ஒரு களிமண் பிள்ளையாரை வாங்கி வைத்து, குன்றிமணிக் கண், காகிதக் குடை, எருக்கம்பூ மாலை, அருகம்புல் எல்லாம் குறைவில்லாமல் செய்து, மெஷின் நிற்காமல் ஓடவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவரைக் கரைக்க வேண்டும். அன்றைக்குத்தான் கம்பெனிக்காரரும் வருகிறார். அல்சூர் ஏரிக்குப் போய்வர நேரம் ஏது? நண்பகலில் கற்பூரம் காட்டி, அடுத்த வருஷமும் வரச்சொல்லி, பயபக்தியோடு பின்பக்கத்துக் கிணற்றில் இறக்கிவிட்டேன். குழாயின் வாய்க்கு நேராக இறக்கியிருக்கிறேன் என்பது அப்போது தெரியாது. எந்த மெஷினைக் காப்பாற்றச் சொன்னேனோ, அதன் தொண்டைக்குள்ளேயே சாமியைத் திணித்த பக்தன் நான் ஒருவன்தான்.

மாட்டினி தொடங்கி அரைமணி. கம்பெனிக்காரர் பால்கனியில், பக்கத்தில் முதலாளி. நான் பின்பக்கம் போனபோது தண்ணீர் சுண்டுவிரல் ஆகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூலாகி நின்றது. கப்பல் ஓடிப்போய் மெஷினை நிறுத்திவிட்டுக் குழியில் குதித்தார். குழாயைத் தொட்டார், கையை உதறினார். மிச்சம் சொட்டிய தண்ணீரை நக்கினார். இன்னொரு தரம் நக்கினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“களிமண்ணு. கொஞ்சம் அருகம்புல்லு,” என்றார்.

என் முகம் மற்றதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் வடிகட்டியின் மூடியைத் திருகத் தொடங்கினார். போய் ஹாலின் மேல்ஜன்னல் கயிறுகளை எல்லாம் இழுத்துத் திறந்துவிடச் சொன்னார். “ஊர்க்காத்து போதும், ஓடு,” என்றார்.

ஓடினேன். பதினாறு ஜன்னல்களையும் திறந்தேன். பெங்களூரின் ஆவணிக் காற்று உள்ளே புகுந்து வேலையைப் பார்த்தது. பால்கனியில் கம்பெனிக்காரர் மேல்துண்டை எடுத்துக் காதோடு சுற்றிக்கொண்டு, மதராஸில்கூட இப்படி ஒரு ஏர்கண்டிஷன் கிடையாது என்று சொன்னாராம். இடைவேளையிலேயே தீபாவளிப் படம் எங்களுக்கு என்று ஆகிவிட்டது.

ஆனால் மெஷின் சத்தம் நின்றதை முதலாளியின் காது கவனித்துவிட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, கப்பல் வடிகட்டியைத் துப்புரவாகக் கழுவி மூடிவிட்டுக் குழியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தார். வலது கை மூடியிருந்தது. எந்த மடையன் கிணற்றில் எதைப் போட்டான் என்று முதலாளி கத்தினார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை என்பதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

“யாரும் எதுவும் போடல முதலாளி. சொறிமீன்,” என்றார் கப்பல்.

“சொறிமீனா? இந்தக் கெணத்துலயா?”

“கப்பல் மெஷினில்லையா, வாசனை பிடிச்சு வந்திருக்கும். காலைல நான் வடிகட்டியைத் தொறந்து பாக்கல. தப்பு என்னுது.”

படம் கிடைத்த சந்தோஷத்தில் முதலாளி அவரை ஊருக்கு அனுப்பவில்லை. ஆனால் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, நடுவில் அவரை நிறுத்தி, சோம்பேறி என்றும் வேலைக்கு லாயக்கில்லாதவன் என்றும் இரண்டு பாஷையில் திட்டினார். கப்பல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முதலாளி அப்புறம் பல மாதம், எங்கள் கிணற்றுக்குக் கடல்மீன் வரும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தது தனிக் கதை.

எல்லோரும் போனபிறகு நான் குழியருகே போனேன். என்னவோ சொல்ல வாயெடுத்தேன். கப்பல் மூடிய கையை நீட்டி என் உள்ளங்கையில் எதையோ வைத்தார். இரண்டு குன்றிமணிகள்.

“சொறிமீனோட கண்ணு. பத்திரமா வெச்சுக்கோ,” என்றார்.

பிறகு நோட்டை எடுத்து எழுதினார். நான் தோளுக்கு மேலே எட்டிப் படித்தேன். ‘வடிகட்டியில் சொறிமீன் ஒன்று. அகற்றப்பட்டது. காலையில் வடிகட்டி பார்க்கப்படவில்லை. கடல்: அமைதி.’ ஆனால் அன்று காலை பத்து மணிக்கு அவர் வடிகட்டியைத் திறந்து பார்த்திருந்தார். நான் குழிக்கு மேலே நின்று, சொறிமீன் உண்டா என்று வழக்கம்போல் கேட்டிருந்தேன்.

தியேட்டர் போய்விட்டது, கப்பலும் போய்விட்டார். குன்றிமணிகள் இரண்டும் இதை எழுதுகிற மேஜைமேல்தான் இருக்கின்றன. அந்த நோட்டில் அவர் பொய் எழுதியது அந்த ஒருநாள்தான், அதுவும் எனக்காக. கப்பல் முழுகவில்லை, அதில் ஏறித்தான் நான் கரை சேர்ந்தேன்.