காலினின் ஜாடியை நான் கழுவிய கதை

ஒரு தாய் தன் மகனுக்கு எழுதிய கடைசி வரியை வெந்நீரில் ஊறவைத்து, கம்பி நார் போட்டுத் தேய்த்து அழித்தவன் நான். என் சொந்த அம்மா எழுதியது என்றால் அழிக்க ஒன்றுமே இருந்திருக்காது. அவர் கைநாட்டு. அழித்தது வேறொருவருடைய அம்மாவின் எழுத்தை.

இரண்டாயிரமாம் ஆண்டில் கணினிகள் தேதி குழம்பாமலிருக்கச் செய்த Y2K வேலைக்காகக் கும்பல் கும்பலாக அமெரிக்காவில் வந்து இறங்கியவர்களில் நானும் ஒருவன். டெக்சாஸில், இர்விங்கில் குடியிருப்பு. சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவன் என்பதால் எழுத்தின் மேல் எனக்கு அளவு கடந்த மரியாதை. சோப்பு உறை, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், எதையும் படிக்காமல் தூக்கிப் போட மாட்டேன். (படித்துவிட்டுத் தூக்கிப் போடுவேன். அங்கேதான் வினை.)

அலுவலகத்தில் என் மேனேஜர் காலின். இங்கிலாந்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். தன் மொழியையே பேசும் நாட்டுக்கு வந்தும் என்னைவிட அதிகமாகத் தவித்தவர் அவர்தான். டீ கேட்டால் ஐஸ் போட்டுக் கொடுத்தார்கள். பிஸ்கட் கேட்டால் பன் மாதிரி ஒன்றை வைத்து அதன் தலையில் வெள்ளைக் குழம்பை ஊற்றினார்கள். அவர் ஊரில் காலையில் சாப்பிடும் பீன்ஸ்கூட இங்கே வெல்லப்பாகு சேர்த்தது போல இனித்தது. நான் கறிவேப்பிலைக்கு ஏங்கிய அதே மாதங்களில் அவர் பிஸ்கட்டுக்கு ஏங்கினார். அதனால்தானோ என்னவோ, எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை தன் மேசை டிராயரிலிருந்து கறுப்பு நிறத்தில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜாடியை எடுத்தார். மார்மைட். பியர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்வதாம், ரொட்டியில் தடவிச் சாப்பிடுவதாம். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மிச்சமிருந்தது. "வீட்டில் சுவைத்துப் பார். திங்கட்கிழமை மறக்காமல் கொண்டு வா" என்றார்.

எங்கள் ஊர் வழக்கப்படி இதற்கு ஒரே அர்த்தம்தான். பலகாரம் நமக்கு, பாத்திரம் அவர்களுக்கு. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரவும் கூடாது.

என்னோடு தங்கியிருந்த சுரேஷ் பெரம்பூர்க்காரன். ஒரு ஸ்பூன் நிறைய அள்ளி வாயில் போட்டவன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

"மச்சான், லேகியம்டா. உப்பு போட்ட லேகியம். என்ன தப்பு பண்ணாருன்னு அந்த ஆளு இத தின்றாரு?"

"அவங்க ஊர்ச் சாப்பாடு. மரியாதையாப் பேசு."

"மரியாதையா ரசத்துல போட்ரவா?"

போட்டான். சனிக்கிழமை ரசம் தார் ரோட்டு நிறத்தில் இருந்தது. அதையும் குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஜாடியைக் கழுவ உட்கார்ந்தேன். லேபிளின் ஓரத்தில் நீலப் பேனாவில், நடுங்கும் கையெழுத்தில், "மெல்லிசாகத் தடவு, கண்ணா" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வழக்கம்போல மரியாதையாகப் படித்தேன். அவருடைய அம்மாவாக இருக்கும், அடுத்த மாதம் இன்னொன்று அனுப்புவார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வெந்நீரில் ஊறப்போட்டேன். பிசின் லேசில் விடவில்லை. கம்பி நாரை எடுத்தேன். பத்து நிமிடத்தில் லேபிள் சாம்பல் நிறக் கூழாகிக் குப்பைக்குப் போயிற்று. ஜாடி பளபளத்தது. எலுமிச்சை ஊறுகாயை நிரப்பி, எண்ணெய் மிதக்கவிட்டு மூடினேன்.

திங்கட்கிழமை அதை அவர் மேசைமேல் வைத்தபோது என் முகத்தில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

காலின் ஜாடியைக் கையில் எடுத்தார். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார்.

"இதன்மேல் ஒரு காகிதம் இருந்ததே?"

"பிசுபிசுன்னு இருந்தது, சுத்தமா எடுத்துட்டேன்" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"ஓ" என்றார். ஜாடியைக் கீழே வைத்து, "நன்றி" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.

வரவேற்பில் இருந்த டானா எல்லோரையும் 'ஹனி' என்றுதான் அழைப்பார். அன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "அது அவர் அம்மா அனுப்பிய கடைசிப் பார்சலில் வந்தது. அம்மா ஜனவரியில் இறந்துவிட்டார். தெரியாதா?"

மதியமே சுரேஷை இழுத்துக்கொண்டு அபார்ட்மென்ட் குப்பைத்தொட்டிக்கு ஓடினேன். ஆள் உயர இரும்புத் தொட்டி. இடுப்பில் அலுவலக அடையாள அட்டை ஆட, நான் உள்ளே குதித்தேன். சுத்தமாகக் காலி.

"காலைலயே லாரி வந்துட்டு போச்சு மச்சான். வெளிய வா" என்றான் சுரேஷ். அன்றைக்கு மட்டும் அவன் கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் காலினிடம் போய், கூழானதையும் குப்பைத்தொட்டியையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "உனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அவரை வற்புறுத்தி ஒரு மளிகைக்கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்களுக்கெல்லாம் அங்கிள். அங்கே ஒரு அலமாரியில் கஸ்டர்ட் பவுடரும், காலின் ஏங்கிய கோதுமை பிஸ்கட்டும், சர்க்கரை சேர்க்காத பீன்ஸ் டின்னும் வரிசையாக இருந்தன. திரை விலகிய சன்னதி முன்னால் நிற்பதுபோல் காலின் நின்றார்.

"அங்கிள், மார்மைட் இருக்கா?"

"ஓம் தம்பி, ஒரு போத்தல் கிடக்கு. ஆனா அது விக்கிறதுக்கில்லை. எங்கட வீட்டுக்கெண்டு வச்சிருக்கிறன். ஆருக்கு, இவருக்கோ?"

நடந்ததைச் சொன்னேன். அங்கிள் உள்ளே போய் எடுத்து வந்து காலினின் கையில் வைத்தார். "கொண்டு போகச் சொல்லுங்கோ. நாங்களும் சின்னனில இதைப் பாணில பூசித்தான் வளர்ந்தனாங்கள். தாயின்ட சாமான் எண்டு வேற சொல்லுறீர்." (பாண் என்றால் அவர்கள் ஊரில் ரொட்டி.)

காரில் திரும்பும்போது, அந்த வரியைப் புது ஜாடியில் எழுதித் தரட்டுமா என்று காலினிடம் கேட்டேன். ஒவ்வொரு எழுத்தின் சாய்வும் எனக்கு நினைவிருந்தது.

"வேண்டாம்" என்றார். "அது அவள் கையெழுத்தாக இருக்காது."

ஊறுகாய் ஜாடியைப் பற்றி அதன்பின் நான் வாய் திறக்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு காலை அது என் மேசைமேல் இருந்தது. உள்ளே அவரே காய்ச்சிய ஆரஞ்சு ஜாம். 'வெறுமனே திருப்பித் தரக்கூடாதாமே, டானா சொன்னாள்' என்று ஒரு சீட்டு. எங்கள் ஊர் வழக்கத்தை டானாவிடம் நான்தான் சொல்லியிருந்தேன். ஜாடியின்மேல் சின்னக் காகிதம் ஒட்டி, காலினின் கையெழுத்தில் இரண்டே வார்த்தை: 'தாராளமாகத் தடவு'.

அதன்பின் அந்த ஜாடி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கிறது. நாரத்தங்காய் போகும், ஜாம் வரும். கல்யாணமாகி வந்த என் மனைவிக்குக் கதை முழுவதையும் சுரேஷ்தான் சொன்னான், குப்பைத்தொட்டியில் நான் குதித்ததை நடித்துக் காட்டி. இப்போது எந்த வீட்டிலிருந்து எந்தப் பாத்திரம் வந்தாலும் அவள் முந்திக்கொள்கிறாள்.

"இவர் கைல குடுக்காதீங்க ஆன்ட்டி. கழுவிடுவார்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் காலினின் ஜாடி வரும்போது மட்டும் அவளே அதை என்னிடம் நீட்டுவாள். அதன் உள்பக்கத்தை மட்டும் கழுவுவேன். வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடுவதில்லை.