குதிரைத் தொட்டியால் வந்த அபிவிருத்தி

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூர் தண்டு.
வியாழக்கிழமை, டிசம்பர் 1926

பிரியமுள்ள மைத்துனர் மைக்கேல்ராஜ் அவர்களுக்கு,

தியோடர் எழுதுவது. தேவகிருபையால் நானும் உங்கள் அக்காள் பிரிஜெட்டும் சுகம். ஆனேக்கலில் உங்கள் வீட்டார் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். எழுதத் தொடங்கினால் நான் வழிதவறிப்போகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகையால் விஷயங்களை முன்னதாகவே வகுத்துக்கொள்கிறேன்.

1. எங்கள் ஊர் அபிவிருத்திச் சங்கம் இவ்வருடம் சாதித்தவை.
2. சாதித்ததால் வந்த கஷ்டமும், அதற்குக் காரணமான தண்ணீரும்.
3. அடுத்த வருட நோக்கங்கள்.
4. உங்கள் வீட்டுப் பின்னறையை எனக்காக ஒழித்துவைக்க வேண்டிய அவசியம்.

சங்கத்தின் செயலாளன் என்ற முறையில் சொல்கிறேன், சாதனைகள் மூன்று. குப்பை கொட்டக்கூடாது என்று தெருமுனையில் பலகை வைத்தோம்; அதுவரை எங்கே கொட்டுவதென்று தெரியாமலிருந்த ஜனங்களுக்கு அதன்பின் தெரிந்துவிட்டது. என் வீட்டெதிரே மரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டோம். பக்கத்திலேயே சாக்கடை ஓடுவதால் யாரும் உட்காரவில்லை. மூன்றாவது, ஜட்காக் குதிரைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி. இது ஒன்றுதான் நான் என் வாழ்நாளில் கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம். தங்கள் வாசலில் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னதால் என் வாசலிலேயே வைத்தார்கள்.

கஷ்டம் அங்கேதான் ஆரம்பம். ஒருமுறை குடித்த குதிரை மறுமுறை அந்த இடத்தைத் தாண்ட மறுக்கிறது. தாகம் இருக்கிறதோ இல்லையோ, என் கேட்டுக்கு எதிரே வந்ததும் நின்றுவிடுகிறது. வண்டியில் இருப்பவர் ரயிலுக்குப் போகிறவரா, கல்யாணத்துக்குப் போகிறவரா என்பதெல்லாம் அதற்கு அக்கறையில்லை. போன வாரம் எங்கள் சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கன், மெட்ராஸில் மகளுடைய சீமந்தத்துக்காகப் பட்டு வேஷ்டியும் பலகாரக்கூடையுமாகக் கிளம்பினார். அமீர் பாயின் ஜட்கா. என் வாசலில் நின்றதுதான், நகரவில்லை.

"ஓட்டுமய்யா! மெயில் போயிடும்!" என்று அவர் கத்த, "கடிவாளம்தான் சாப் என் கையில. காலு அதோட இஷ்டம்" என்றார் அமீர் பாய், பீடியைப் பற்றவைத்துக்கொண்டே.

நான் ஓடிப்போய்க் குதிரையிடம் வணக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். பின்னாலிருந்து தள்ளவும் தள்ளினேன். பலகாரக்கூடைதான் சாக்கடையில் விழுந்தது. மெயிலும் போய்விட்டது.

"ஓய் தியோடர்! சனிக்கிழமை ஆண்டுக் கூட்டத்திலே முதல் தீர்மானம், உம்ம தொட்டியை இடிக்கிறது. ரெண்டாவது, உம்மையே தூக்கறது!" என்றார் தலைவர்.

மைத்துனரே, அத்தனை பேர் முன்னிலையில் ஆண்டறிக்கையை நான்தான் எழுந்து வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் என் தொட்டியும் போய் நானும் போவேன். அடுத்த வருட நோக்கங்களில் முதலாவது, வழக்கம்போல, சாக்கடைக்கு மூடி. பதினோரு வருடமாக மனுப் போட்டு வருகிறோம். பதினோரு வருடமாக அதுவே முதலாவது. இரண்டாவது நோக்கம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி உங்களிடம் வந்துவிடுகிறேன். கயிற்றுக்கட்டில் போதும். அங்கே உள்ளூர்ச் சங்கம் ஏதுமிருந்தால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

தேவமாதா உங்கள் குடும்பத்தைக் காத்து, சகல நன்மைகளும் தந்தருள்வாளாக.

அன்புள்ள,
தியோடர்

பின்குறிப்பு: சனிக்கிழமை சாயங்காலம். எழுதியது சரிதானா என்ற சந்தேகத்தில் இதைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். நல்லதாயிற்று. நேற்று முனிசிபல் இன்ஜினீயர் துரை, தம் மோட்டார் பழுதாகி, அமீர் பாயின் ஜட்காவில் இந்தப் பக்கம் வந்தார். குதிரை நின்றது. துரை இறங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தார்; அதில் உட்கார்ந்த முதல் மனிதர் அவரே. கைக்குட்டையை மூக்கில் வைத்தார். எடுக்கவேயில்லை. "இந்தத் தொட்டியை இங்கே வைத்தது யார்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். "இது இல்லாவிட்டால் இந்தச் சாக்கடை என் கண்ணில் பட்டிருக்காதே!" என்று கையைக் குலுக்கினார். திங்கட்கிழமை மூடி போட ஆள் வருகிறதாம்.

இன்று கூட்டத்தில் கஸ்தூரிரங்கன் எழுந்து, "தொட்டிமேலே எவனாவது கையை வெச்சான், தெரியும் சேதி!" என்றார். அடுத்த வருடமும் நானே செயலாளன். பின்னறை வேண்டாம்.

வீட்டுக்கு வந்து, குதிரைக்கு அப்படி என்னதான் தாகமோ என்று வியந்தேன். பிரிஜெட் சமையலறையிலிருந்தே சிரித்தாள். "தாகமாவது! கேரட் தழை, கோஸ் இலை, எல்லாம் நான்தான் தினம் தொட்டிக்கிட்ட போடுறேன். வாயில்லாத ஜீவன் பாவம்னு. நேத்து மட்டும், வண்டியில வந்தது துரைன்னு பார்த்து, குதிரை நகராம இருக்க முழு கேரட்டாவே நாலு போட்டேன். நாத்தம் அந்தத் துரை மூக்குல நல்லா ஏறட்டுமேன்னு!"

ஆகவே, மைத்துனரே, மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. காரணம் தண்ணீர் அல்ல, உங்கள் அக்காள்.