வெளிநாட்டுக் கூட்டாளி

"வெளிநாட்டுக் கூட்டாளி இல்லேன்னா விண்ணப்பத்தைப் பிரிச்சே பார்க்க மாட்டாங்களாம்!" தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார் ஆராய்ச்சியாளர்.

மண்ணுக்கடியில் குடிநீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் கருவி அவருடையது. பாவம், அது நிஜமாகவே வேலை செய்தது. ஆனால் சர்வதேசக் கூட்டு ஆராய்ச்சிக்கு அரசு தரும் நிதி கிடைக்காவிட்டால், மாதக் கடைசியில் அவருடைய ஆய்வுக்கூடத்தைக் காலி செய்து பழைய நாற்காலிகளை அடுக்கப் போகிறார்கள். பதினோரு வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதிப் பார்த்தார். ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை.

"என் தம்பி வெளிநாட்டுலதானே இருக்கான்?" என்றாள் மனைவி.

"அவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவன்டி!"

"கூட்டாளி என்ன வேலை பார்க்கணும்னு விதியில போட்டிருக்கா?"

போடவில்லை. அரசாங்க விதி அல்லவா, முக்கியமானதைப் போடாது. அன்று சாயங்காலமே விண்ணப்பத்தில் மச்சான் 'குளிர்நிலை ஆய்வு மைய'த்தின் இயக்குநர் ஆகிவிட்டான்.

மறுவாரம் நிதிக்குழுச் செயலாளர் போன் செய்தார்.

"அபாரம் சார்! எங்க குழுவோட வெளிநாட்டு நிபுணரும் உங்க கூட்டாளி இருக்கிற அதே ஊர்லதான் இருக்கார். வியாழக்கிழமை மையத்தை நேர்ல பார்க்க வர்றார்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆராய்ச்சியாளருக்கு வேர்த்துக் கொட்டியது. உடனே மச்சானைக் கூப்பிட்டார்.

"மாமா, கடையில எட்டு ஃப்ரிட்ஜும் ஒரு ஸ்டூலும்தான் இருக்கு!"

"ஒவ்வொரு ஃப்ரிட்ஜுலயும் நம்பர் ஒட்டு. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கோ. எதைக் கேட்டாலும் 'இன்னும் ஆய்வுல இருக்கு'ன்னு சொல்லு."

வியாழக்கிழமை மச்சான் வீடியோ கால் போட்டு, போனை ஒரு ஃப்ரிட்ஜ்மேல் சாய்த்து வைத்தான். ஆராய்ச்சியாளர் வீட்டிலிருந்தபடி திரையைப் பார்த்தார். கோட்டும் டையுமாக வந்த நிபுணர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு ஆறாம் நம்பரைத் திறந்தார். உள்ளே யாரோ வாடிக்கையாளர் மறந்துபோன பால் டப்பா.

"இது?"

"இன்னும் ஆய்வுல இருக்கு," என்றான் மச்சான்.

நிபுணர் அதை முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தார். பிறகு போய்க் கடைக் கதவை உள்பக்கமாகச் சாத்தினார்.

போச்சு, குடி முழுகிப்போச்சு!

"ஐயா, தப்பு என்னோடதுதான்!" என்று திரைக்குள்ளிருந்து கதறினார் ஆராய்ச்சியாளர். "அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க. கருவி மட்டும் சத்தியமா நிஜம்ங்க!"

நிபுணர் டையைத் தளர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கத்தாதீங்க சார், அறிக்கையில என்ன எழுதணும்னு நீங்களே சொல்லிடுங்க, குழுவுலயும் ஒரு வெளிநாட்டுக்காரர் இருக்கணும்னு விதியாம், அதுக்காகச் செயலாளர் என்னைப் போட்டார்... நான் அவரோட மச்சான், இங்க ஸ்டேஷன் பக்கத்துல சலூன் வச்சிருக்கேன்."