கோணல் வராத கை

நான்காவது காலும் நேராகவே வந்து தொலைத்தது.

தச்சர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தக் காலை முறைத்தார். தெருவில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பெயர். சாய்வு பார்க்கிற கருவியின் பெயரையே மனிதருக்கு வைத்துவிட்டார்கள். வேலை பேசப் போன வீட்டில் காலண்டர் சாய்ந்து தொங்கினால், அதை நிமிர்த்திவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அப்பேர்ப்பட்டவர் காலையிலிருந்து ஒரு கோணல் ஸ்டூல் செய்யப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிக்கும். இவர் குரங்கு பிடிக்க உட்கார்ந்தால் பிள்ளையாராகவே வந்து நின்றது.

காரணம், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள். போன பருவத்தில் ‘சொந்தக் கையால் ஒரு பொருள் செய்து வாருங்கள்’ என்றார்கள். அவள் ஒரு தபால் பெட்டி செய்தாள். அப்பா ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. கைவேலை டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘இது அப்பா செய்தது’ என்று எழுதி முட்டை போட்டுவிட்டார்.

இப்போது பள்ளியில் பட்டறை திறக்கிறார்கள். நிஜ உளி, நிஜ இழைப்புளி, பத்தே பத்து இடம். ஆளுக்கொரு ஸ்டூல் செய்ய வேண்டும்; யாருடையது சொந்த வேலை என்று டீச்சர் நம்புகிறாரோ அவர்களுக்கு இடம். மகள் சோறு தண்ணி மறந்து ஒரு ஸ்டூல் செய்து, சாக்கு போட்டு மூடி, மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்து அப்பா அதன்மேல் மட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. பெருமையில் நெஞ்சு விம்மியது. அடுத்த நிமிடமே போன பருவத்து முட்டை ஞாபகம் வந்தது. மகள் வந்ததும் பேச்சை எடுத்தார்.

“இதைக் கொண்டு போனா மறுபடியும் முட்டைதாம்மா. ஒரு காலை மட்டும் கொஞ்சம் சாய்ச்சு விடு.”

“மாட்டேன்.”

“ஒரே ஒரு காலும்மா!”

“நேரா செய்யத் தெரிஞ்சவ எதுக்குப்பா கோணலா செய்யணும்? நம்பலன்னா அது அவங்க தப்பு. முட்டை போட்டா போடட்டும்!”

அப்பனுக்கு இருக்கிற திமிர் பிள்ளைக்கு இல்லாமலா போகும்?

“அவங்களுக்குக் கோணல்தானே வேணும்? நான் தர்றேன் கோணல்!” என்று ரசமட்டம் ரம்பத்தை எடுத்தது இப்படித்தான். மகளுக்குத் தெரியாமல், தான் செய்த கோணலை அவள் பெயரில் பள்ளியில் வைத்துவிடுவது என்று திட்டம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி யோசனை சொன்னாள். “இடது கையால செஞ்சு பாருங்களேன்.”

செய்து பார்த்தார். சுத்தியல் கட்டைவிரலில் இறங்கியது. மனைவி கட்டுப் போட்டுக்கொண்டே, “சரி, கண்ணை மூடிக்கிட்டு அறுங்க” என்றாள். அறுத்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். நூல் பிடித்தாற்போல் நேர்.

“முப்பது வருஷப் பழக்கம்டி. நான் என்ன பண்ண?”

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலில் மட்டும் இரண்டு அங்குலம் குறைத்தார். ஸ்டூல் ஆடியது. “அப்பாடா!” என்று மனைவி டீ போடப் போனாள். திரும்பி வந்தால் ஸ்டூல் ஆடவில்லை. மற்ற மூன்று கால்களும் இரண்டு அங்குலம் குறைந்திருந்தன.

“என்னங்க இது?”

“ஆடிக்கிட்டே இருந்துச்சு. பார்க்கச் சகிக்கல.”

மறுபடி ஒரு காலைக் குறைத்தார். மறுபடி கை அரித்தது. மூன்று சுற்று இப்படியே போக, ஸ்டூல் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு சுற்று போனால் மணைப்பலகைதான். நான்காவது முறை அது ஆடத் தொடங்கிய அந்தக் கணத்தில் மனைவி ரம்பத்தைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

“சாவியைக் குடு.”

“நாளைக்குப் பத்து மணிக்கு மேல தர்றேன்.”

மறுநாள் பத்து மணிக்குப் பெற்றோர்கள் ஸ்டூல்களைக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. மகள் எட்டு மணிக்கே போய்விட்டாள். ரசமட்டத்துக்கு மாடிப்படிப் பக்கம் திரும்பவே மனம் வரவில்லை. திருட்டுப் பொருளைத் தூக்குகிறவர் மாதிரி கோணல் ஸ்டூலைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

பள்ளியின் பெரிய கூடத்தில் முப்பது ஸ்டூல்கள் வரிசையாக நின்றன. ஒன்றாவது ஒழுங்காக நிற்க வேண்டுமே! பக்கத்தில் நின்ற பல் டாக்டருக்குக் கட்டைவிரலில் கட்டு. அவருக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாளுக்கும் கட்டு. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டீச்சர் வந்து ஸ்டூலை அழுத்திப் பார்த்தார். அது ‘டக் டக்’ என்று ஆடியது.

“உங்க பொண்ணே செஞ்சதா?”

“ம்.”

“முழுக்க அவளேதானா?”

“ம்... ம்.”

“ரொம்ப நல்லது. இந்தச் சீட்டுல அவ பேரை எழுதி ஸ்டூல் மேல ஒட்டிடுங்க.”

ரசமட்டம் பேனாவை வாங்கினார். எழுத்து வரவில்லை. அந்தக் கோணலின் மேல் என் மகள் பெயரா? ஐந்து பேரப்பிள்ளை எடுத்த பிறகும் இது ஆடிக்கொண்டே நிற்குமே! பேனாவைத் தூக்கி எறிந்தார்.

“எழுத மாட்டேன்! இது என் பொண்ணு செஞ்சது இல்ல, நான் செஞ்சது! முப்பது வருஷத்துல என் கை செஞ்ச முதல் அசிங்கம் இதுதான். அவ செஞ்சது நேரா இருக்கு டீச்சர். என் வேலையைவிட நேரா இருக்கு! பிள்ளைங்க கையால செஞ்சா கோணலாத்தான் இருக்கும்னு யாரு உங்களுக்குச் சொன்னது? நீங்க மார்க் போடுங்க, போடாம போங்க; இடம் குடுங்க, குடுக்காம போங்க. அவ ஸ்டூல் நேராத்தான் நிக்கும்!”

பல் டாக்டர் தன் கட்டைவிரலைப் பைக்குள் மறைத்துக்கொண்டார். டீச்சர் கோபப்படவில்லை. குனிந்து, பதிவேட்டில் ஏதோ எழுதினார்.

மூலையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பியூன்தான் வாயைத் திறந்தார்.

“எதுக்குங்க இவ்வளவு சத்தம்? நேர் ஸ்டூல் எட்டு மணிக்கே வந்தாச்சு, டீச்சர் ரூம்ல இருக்கு; ‘இது எங்கப்பா செஞ்சதுன்னு சந்தேகமா இருந்தா பத்து மணி வரைக்கும் பொறுங்க டீச்சர், அவர் செஞ்சதைத் தூக்கிக்கிட்டு அவரே வந்து கத்துவாரு’ன்னு உங்க பொண்ணு அப்பவே சொல்லிட்டுப் போயிடுச்சு!”